கையின் பின்பக்கம்

கம்பளிக் கிடங்காக இருந்த இடம்.
இரும்புத் தட்டுகளில் இன்னமும் ஆட்டு வாடை,
மழை நாளில் கொஞ்சம் கூடுதலாக.
கூரைத் தகரத்தை நெம்பிப் பார்க்கிறது காற்று.
பூந்தா அரேனாஸில் காற்றுக்கு வேறு வேலை கிடையாது.

நான் எதெல்விரா.
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
நாற்பத்தாறு வயது.
போன அக்டோபரில்
என் சொந்தக் காரின் கதவை
உள்ளேயிருந்து திறக்க முடியவில்லை.
வெளியே சாய்ந்து நின்றது காற்று,
தவணை கேட்டு வந்தவனைப் போல.
பதினொரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
கறிக்கடை யாங்கோதான் வந்து
வெளியிலிருந்து இழுத்துத் திறந்தான்.
"உனக்குத் தள்ளத் தெரியவில்லை" என்றான்,
வணக்கம் கூடச் சொல்லாமல்.

உண்மைதான்.
பை, பிள்ளை, போர்வை, நோயாளி
எல்லாவற்றையும் என் பக்கமாக இழுத்தே
பழகிய கை.
கைக்கும் அகம் உண்டு, புறம் உண்டு.
அள்ளுவது அணைப்பது ஊட்டுவது அகம்.
நீட்டுவது, நிறுத்துவது,
போ என்பது
புறம்.
கண்ணாடிக்கு அகம்தான் தெரியும்.
புறத்தைப் பார்க்க
கழுத்தைத் திருப்ப வேண்டும்.

கடையில் ஆட்டின் முன்னங்காலை
யாங்கோ விரலால் பிரித்துக் காட்டினான்.
மூன்று தலை இதற்கு.
தோள்பட்டை வரை போய்ப் பற்றியிருப்பது நீளமானது,
கையை உயர்த்தினால்தான் முழுசாக இழுபடும்.
இது வெளிப்பக்கத்தது.
மூன்றாவது அடியில் ஒளிந்திருக்கும், வேலை மட்டும் செய்யும்.
அந்த மூன்றாவது எனக்குப் பிடித்துப்போனது.
அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் கயிறு.
இந்த ஊரில் காற்றுக் காலத்தில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ள.
இங்கே கப்பியில் தொங்குகிறது கயிறு.
முழங்கையை விலாவோடு ஒட்டி
தொடை வரை அழுத்த வேண்டும்.
பிடித்துக்கொள்வதற்கு இல்லை இந்தக் கயிறு
என்று புரியவே ஒரு மாதம் ஆனது.

படுத்துக்கொண்டு நெற்றிவரை கம்பியை இறக்குவது ஒன்று.
பெயர் மண்டை உடைப்பான்.
தலைமாட்டில் யாங்கோ நிற்பான்,
ஒரு கண் என் கம்பியில்,
ஒரு கண் கைபேசிக் கால்பந்தில்.
"பூட்டு, பூட்டு" என்பான் கடைசித் தூக்கலில்.
முழங்கை நேராகிப் பூட்டிக்கொள்ளும் அந்த ஒரு நொடி,
எலும்பு எலும்பின் மேல் உட்கார,
பாரம் யாருடையதோ ஆகிவிடும்.

ஜூனில் ஒன்றும் நடக்கவில்லை.
ஜூலையிலும்.
டேப் இருபத்தொன்பது என்றே சாதித்தது.
முட்டை தின்றேன். பயறு தின்றேன்.
தசை தூக்கத்தில்தான் வளருமாம்.
இரவுப் பணிக்காரியிடம் வந்து சொல்கிறார்கள்.

செப்டம்பரில் ஒரு விடியல்.
ஆம்புலன்ஸின் பின்கதவு
காற்றில் அறைந்து மூட வந்தது,
பாதி உள்ளே பாதி வெளியே
பண்ணைக்காரர் ஒருவர், ஸ்ட்ரெச்சரில்,
ஆக்ஸிஜன் குழாயோடு.
யோசிக்கவில்லை.
கை நீண்டது.
பூட்டியது.
கதவு நின்றது.
நீரிணை முழுதும் அந்தக் கதவின் மறுபக்கம் ஏறி
என்னைத் தள்ளிப் பார்த்தது போல இருந்தது.
அவர் உள்ளே போனார். அவ்வளவுதான்.
யாரும் எதுவும் சொல்லவில்லை,
ஓட்டுநர் மட்டும்
"ஸ்லீவ் கிழிந்திருக்கிறது" என்றார்.

தையல் விட்டிருந்தது பின்பக்கம்,
நான் பார்க்க முடியாத இடத்தில்.
விரலை விட்டுத் தடவினேன்.
குளிர்ந்த தோல், அதன் கீழே
குதிரை லாடம் போல ஒன்று.

அன்று மாலை நோட்டில் எழுதினேன்:
குறுகிய பிடி, நாற்பத்திரண்டரைக் கிலோ,
நான்கு முறை.
ஐந்தாவதில் யாங்கோ விரல் வைத்தான்.
இல்லை என்கிறான்.
வைத்தான்.